கொக்கி இல்லாத வண்டி

அத்தியாயம் 11

வெர்லின் வீட்டுக் கொட்டகையிலிருந்து வெல்டிங் சத்தம் வந்தால் பிக்கப் வண்டிக்குப் பாடி வளர்கிறது என்று அர்த்தம். கிரைண்டர் சத்தம் வந்தால் தேய்கிறது என்று அர்த்தம். ஏப்ரல் முழுக்க நான் கேட்டது கிரைண்டர் சத்தம்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சரளைக்கல் சாலை, ஒரு புல்வெளி, அவ்வளவுதான். காற்று என் பக்கம் வீசினால் அங்கே இருமுவதுகூடக் கேட்கும். வீசாத நாளுக்கு ஜன்னலோரம் பைனாகுலர் இருக்கிறது. நரி பார்க்க வாங்கியது.

விட்ட இடத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்வோம். மார்ச் பனிப்புயலில், கன்று போட ஒதுங்கிய பசுவைத் தேடிப் போன கிளேட்டன் திரும்பி வரவில்லை. அவன் ஓட்டிப்போன நாலு சக்கர பைக் ஓடைப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது; பக்கத்திலேயே பனிக்குள் அவன் உடல். பிக்கப்பில் போயிருக்க வேண்டியவன். ஆனால் பிக்கப் அன்று கொட்டகையில் பின்பக்கம் மொட்டையாக நின்றது. சரக்குப் போடும் துருப்பிடித்த பழைய தொட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, டீசல் டாங்கையும் இறக்கி வைத்துவிட்டு, வைக்கோல் உருளை ஏற்றத் தோதாகத் தட்டையான பாடி கட்ட அவனே ஆரம்பித்திருந்தான். "கன்னு சீசனுக்கு முன்னாடியே கழட்டிப் போட்றா" என்று சொன்னது அவன் அப்பா வெர்லின்.

வண்டி முழுசாக இருந்திருந்தால் என்று அந்த வீட்டில் அப்பா, அம்மா, மனைவி மூன்று பேரும் நினைத்தார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கிளேட்டனின் மனைவி ரினே போன வாரம், சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "பாடி முடிஞ்சதும் என் சாமான அதுல ஏத்திக்கிட்டு ரேபிட் சிட்டிக்கு அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

மகன் விட்ட வேலையை முடிக்க இறங்கிய வெர்லின், ஏற்கெனவே ஒரு நாள் வைத்த வெல்டை மறுநாள் 'கோணல்' என்று தேய்த்து எடுப்பவர். அவள் அப்படிச் சொன்னதற்கப்புறமும் அப்படித்தான். மாமியார் ஆர்டிஸ், "போறவள போக விடுங்க" என்று சொல்லிப் பாத்திரத்தை அடி தேயத் தேய்த்தாள். குழந்தை குட்டி இல்லை, பிடித்து வைக்க அங்கே என்ன இருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டது. ஊர் என்றால் நான்தான்.

இந்தச் சனிக்கிழமை காலையில் இரண்டு சத்தமும் இல்லை. சுத்தியல் சத்தம். பலகை அடிக்கிறார் என்று தெரிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வெறுங்கையோடு போனால் வம்புக்கு வந்தவள். கஸ்டர்ட் கூகன் தட்டோடு போனால் துக்கம் விசாரிக்க வந்தவள். எங்கள் பக்கத்தில் எந்தக் கதவையும் திறக்கிற கேக் அது.

கொட்டகையில் வெர்லின் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வண்டிக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தார்.

"நல்ல நேரத்துல வந்த, டார்லா. தட்ட வெச்சிட்டுப் பின்னாடி போய் நில்லு. பிரேக் மிதிக்கிறேன்."

"மிதி."

"எரியுதா?"

"ரெண்டும் எரியுது. செக்கச்செவேல்னு."

"அப்ப முடிஞ்சிது" என்றார். முடிந்ததில் சந்தோஷப்பட்ட குரல் இல்லை அது.

சுற்றி வந்து பார்த்தேன். கனமான சேனல் இரும்பில் சட்டகம், மேலே ஓக் பலகை, பக்கவாட்டில் கயிறு கட்ட வளையங்கள். சேஸிஸில் வெல்டு வைக்காமல் போல்ட் போட்டே பிடித்திருந்தார். குறை கண்டுபிடிக்கத் தயாராக வந்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்புறம் கேபினுக்குப் பின்னால் பார்த்தேன். சரக்கு முன்னால் சரிந்து கண்ணாடியை உடைக்காமலிருக்க அங்கே ஒரு கம்பித் தடுப்பு நிற்கும். அதன் நடுவில் ஒரு சதுரம் வெறுமையாக இருந்தது.

இந்தக் குடும்பத்து மாட்டுச் சூட்டுக் குறி கொக்கி. வலப்பக்கம் வாய் திறந்த ஒரு கொக்கி, கீழே ஒரு கோடு. இந்த வீட்டில் அது இல்லாத இரும்பே கிடையாது. கேட்டில் இருக்கிறது, தபால் பெட்டியில் இருக்கிறது, கறி சுடும் அடுப்பில் இருக்கிறது. கல்யாண நாள் பரிசு என்று ஆர்டிஸுக்கு நட்டுக் கொடுத்த துணிக்கொடிக் கம்பத்திலும் இருக்கிறது. அதைப் பரிசு என்று நினைத்தவர் வெர்லின் ஒருவர்தான்.

"கொக்கி எங்க?"

"வைக்கல."

"ஏன்?"

"காபி ஊத்தட்டுமா?"

"வெர்லின்."

கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"மாட்டுக்கு எதுக்குச் சூடு போடுறோம்? எங்க வழிதப்பிப் போனாலும் இது இன்னார் மாடுன்னு பாத்துத் திருப்பிக் கொண்டாந்து விடத்தான? அந்தப் பொண்ணுக்கு முப்பதுகூட ஆகல. நாளைக்கு ஒருத்தன் வருவான். வரணும். அவன் வாசல்ல எங்க கொக்கியோடவா போய் நிப்பா? விடறதுன்னா முழுசா விடணும், டார்லா."

அவர் தலைக்கு மேல் ஆணியில் அந்தக் கொக்கி தொங்கியது. கெட்டித் தகட்டில் கிளேட்டன் வெட்டியது. இந்தப் பாடிக்கு அவன் முதலில் செய்ததே அதுதான். சட்டகம் இல்லை, பலகை இல்லை, கொக்கி மட்டும் தயார். ஆண்பிள்ளைகள் வேலை ஆரம்பிக்கிற அழகு அது.

வண்டியை ரினேயின் டிரெய்லர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிய வீட்டுக்குப் பின்னால், சரிவைப் பார்த்து நிற்கிற சிறிய வீடு. அதன் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓடைப் பள்ளம். மார்ச்சிலிருந்து அந்த ஜன்னலில் ஒரு போர்வை தொங்குகிறது. இவ்வளவு நல்ல மாமனார் மாமியாரை விட்டு ஏன் போகிறாள் என்று கேட்பவர்கள் அந்தப் போர்வையைப் பார்த்ததில்லை.

சாமான் ஏற்றினோம். மெத்தையைப் படுக்கப் போட்டதே உயரம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. படுக்கவைத்த ஒரு அலமாரி, மடக்கிய இரண்டு நாற்காலி, ஒரு சேணம், சில பெட்டிகள். நாலு வருஷக் கல்யாணம் எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஆர்டிஸ் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"அந்தக் கண்ணாடிச் சட்டிய ரெண்டு துண்டுல சுத்து."

"இது உங்க சட்டி, ஆர்டிஸ்."

"என் சட்டின்னா என் வீட்ல இருக்கும். உன் வீட்ல இருக்கறது உன் சட்டி."

"நீங்க குடுத்தது."

"குடுத்தத திருப்பி வாங்குற குடும்பத்துல நான் பொறக்கல. சுத்து. அக்கா வீட்டுப் பசங்க உடைக்காம பாத்துக்க."

"உடைக்க மாட்டாங்க."

"டவுன் பசங்க. உடைப்பாங்க."

சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டாள். பெட்டிகளைக் கட்டக் கயிறு வெட்டுகிறாளாம். வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ கயிறு வெட்டுவ ஆர்டிஸ்? கப்பலா கட்டப் போற?"

"கட்டறதுன்னா நல்லா கட்டணும்" என்றாள் நிமிராமல்.

ரினே மெத்தைமேல் முழங்காலிட்டுப் போர்வையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். கேபினுக்குப் பின்னால் வந்ததும் கை நின்றது. தடுப்பில் இருந்த வெறும் சதுரத்துக்குள் கையை விட்டாள். அந்தப் பக்கம் விரல்கள் நீட்டிக்கொண்டு நின்றன.

"டார்லா, இந்த வீட்ல கொக்கி இல்லாத இரும்பு ஒண்ணாவது பாத்திருக்கீங்களா?"

நான் பெட்டியைப் பார்த்தேன்.

"கக்கூஸ்ல பேப்பர் மாட்டுற கம்பில கூட கொக்கி இருக்கு. நேத்து கிளேட்டனுக்குக் கல்லறையில கல் நட்டாங்கல்ல, அதுலயும் செதுக்கியிருக்காம். அவனுக்கு இருக்கு. எனக்கு இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு புள்ள இருந்திருந்தா வெச்சிருப்பார்ல?"

என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். அன்றைக்கு அதையும் முந்தியது ஒரு ஹாரன். ஆர்டிஸ் காரில் ஏறி உட்கார்ந்து அடித்தது. போகிற வழியில் நிற்க வேண்டாம், இப்போதே கல்லைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். இரண்டு பேரும் கிளம்பினார்கள். வாசல் கேட்டில், மாடு தாண்டாமலிருக்கத் தரையில் இரும்புக் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். கார் ஏறியதும் அவை கடகடவென்று சத்தம் போட்டன. இந்த வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்பதை நான் பைனாகுலர் இல்லாமலே சொல்வது அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

கொட்டகைக்கு நடந்தேன். கூகனில் பாதியைக் காணோம். வெர்லின் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு புள்ள இருந்திருந்தா கொக்கி வெச்சிருப்பாரான்னு கேக்குறா" என்றேன்.

வாய்க்குப் போன ஃபோர்க் நின்றது. "யாரு?"

"யாரா? மாடா கேக்கும்? ரினேதான்."

"நான் அதுக்கா வைக்கல? அவ காலக் கட்டக் கூடாதுன்னுதான..."

"அவ அத வெளிய தள்ளுறதா எடுத்துக்கிட்டா. அவகிட்ட சொன்னியா நீ?"

"சொல்லணுமா என்ன? பாத்தா தெரியாதா?"

"வெறும் சதுரத்தப் பாத்து யாருக்கய்யா என்ன தெரியும்?"

 தட்டைக் கீழே வைத்தார். எழுந்து ஆணியிலிருந்து கொக்கியை எடுத்தார். அதில் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

வண்டியைக் கொட்டகை வாசலுக்கு ஓட்டி வந்தார். மெத்தைமேலும் பெட்டிகள்மேலும் நனைத்த கோணிகளைப் போட்டோம். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் மின்சாமான் கருகும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும். கழற்றினார். நான் தண்ணீர் வாளியோடு நின்றேன்.

கொக்கியைச் சதுரத்தில் பிடித்துப் பார்த்தவர் தயங்கினார். வழக்கமாக எதிரில் வருகிறவனுக்கு நேராகத் தெரிகிற மாதிரிதான் வைப்போம். இன்னார் வண்டி என்று பார்த்து அவன் கை தூக்க வேண்டும் இல்லையா?

வெர்லின் அதைத் திருப்பினார்.

"இது பின்னாடி நிக்கறவங்களுக்குல்ல நேரா தெரியும்" என்றேன்.

"பின்னாடி நிக்கப் போறது நாங்கதான" என்றார். அப்புறம் கொக்கியை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, உள்கண்ணாடியைச் சரிசெய்து, அதில் வெகுநேரம் பார்த்தார். "ஓட்டறவ கண்ணாடில பாத்தாலும் நேராத்தான் தெரியுது."

முகமூடியை இறக்கிக்கொண்டார். அதற்குள் அவர் அழுதிருந்தால் எனக்குத் தெரியாது. வெல்டு மட்டும் ஒரே இழுப்பில், ஒரு நடுக்கம் இல்லாமல் ஓடியது. கிரைண்டரை அவர் தொடவில்லை.

கடைசிப் பொறி அணைவதற்குள் குழாய்கள் கடகடத்தன. இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வெர்லின் அவசரமாக ஒரு ஈரக் கோணியைத் தடுப்பின்மேல் தொங்கவிட்டார்.

ரினே காரிலிருந்து இறங்கிய வேகத்திலேயே பிக்கப்பில் ஏறினாள். கண் இமை தடித்திருந்தது.

"யாரும் கட்டிப்புடிக்க வேணாம். ஆரம்பிச்சா முடியாது. நான் இப்படியே போயிடறேன்."

சாவியைத் திருகினாள். ஒன்றுமில்லை. மறுபடியும் திருகினாள். ஒரு 'டிக்'கூட இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எர்த் வயர்! மனுஷன் மாட்ட மறந்துவிட்டார்.

ரினே கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

"இதையும் கழட்டிட்டீங்களா?"

"மறந்துட்டேன்மா. இரு, ஒரு நிமிஷம்..."

"மறந்துட்டீங்களா? ஏப்ரல் பூரா நான் வாசப்படில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், வெர்லின். நல்லா இருந்த வெல்டெல்லாம் நீங்க தேச்சு எடுத்தத பாத்தேன். ஒரு வார்த்த கேட்டனா? ஏன் கேக்கல தெரியுமா? எனக்கும் அது முடியாம இருந்தா தேவலன்னு இருந்துச்சு!" மூச்சு வாங்கியது. "ஆனா இன்னிக்கு வேணாம். கல்லுல அவன் பேரத் தொட்டுட்டு வந்திருக்கேன். இன்னிக்கு விட்டா மறுபடி என்னால முடியாது. தயவுசெஞ்சு போக விடுங்க."

வெர்லின் பானெட்டைத் தூக்கினார். ஸ்பேனர் நட்டில் உட்காராமல் நழுவிக்கொண்டே இருந்தது. சற்றுமுன் அந்தக் கைதான் ஒரே இழுப்பில் வெல்டு வைத்தது.

"பழைய தொட்டியக் கழட்டச் சொன்னது நான்தான்" என்றார். பேட்டரியிடம் சொல்வது போலச் சொன்னார்.

கொட்டகைக் கூரையில் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"தெரியும்" என்றாள் ரினே. "கழட்டறப்போ அவனுக்கு லைட் புடிச்சது நான். டாங்கையும் இன்னிக்கே இறக்கிடலாம்னு சொன்னதும் நான்தான்."

மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் வாளியைப் பார்த்தேன். இருபது வருஷமாக இந்த வீட்டில் எதையாவது கேட்டுவிட மாட்டோமா என்று காது நீட்டியவள். கேட்டேன். போய்விடலாமா என்றிருந்தது.

"போதும்" என்றாள் ஆர்டிஸ். "பனிதான் அவனக் கொண்டுபோச்சு. வண்டிய எடு."

வயரை மாட்டிப் பானெட்டை மூடினார். எஞ்சின் முதல் திருகிலேயே பிடித்தது. ரினே நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குக் கழட்டினீங்க?" என்று கேட்டாள். கோபம் வடிந்த குரல். கிளேட்டனுக்கு லைட் பிடித்தவள் ஆயிற்றே, எர்த் வயரை எதற்குக் கழற்றுவார்கள் என்று அவளுக்கா தெரியாது?

வெர்லின் ஜன்னல் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். "பாத்து ஓட்டு."

வண்டி நகர்ந்தபோது பக்கத்திலேயே நடந்து ஈரக் கோணிகளை ஒவ்வொன்றாக உருவினார். கடைசியாகத் தடுப்பின்மேல் கிடந்ததை இழுத்தார். பிக்கப் கேட்டை நோக்கிப் போனது. வலப்பக்கம் வாய் திறந்த கொக்கி, கீழே ஒரு கோடு. பின்னால் நின்ற எங்கள் மூன்று பேருக்கும் நேராகத் தெரிந்தது.

ஆர்டிஸ் கையைத் தூக்கினாள். ஆட்டாமல் அப்படியே வைத்திருந்தாள்.

கேட்டுக்கு முன்னால், குழாய்களில் சக்கரம் ஏறுவதற்கு முன், பிரேக் விளக்கு எரிந்தது.

கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் பைனாகுலரை வீட்டில் விட்டு வந்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

"இடது பக்கம் எரியல" என்றார் வெர்லின்.

பார்த்தேன். வலது விளக்கு மட்டும்தான் சிவப்பாக இருந்தது.

"ஒத்த லைட்டோட ஹைவேல விடக் கூடாது" என்றவர், சட்டைப்பையில் பிளையரைத் திணித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நடை வேகமானது. அந்த வயசில், முழங்கால் வலியோடு, கிட்டத்தட்ட ஓட்டம்.

காலையில் இரண்டும் எரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பின்னால் நிற்கச் சொன்னதே என்னைத்தான்.

மெதுவாக ஆர்டிஸ் பக்கம் திரும்பினேன். ஏப்ரன் பையிலிருந்து கத்தரிக்கோலின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் இடுக்கில் சிவப்பாக ஒரு வயர்த் துணுக்கு.

"ஆர்டிஸ்!"

"கயிறுன்னு நெனச்சு வெட்டிட்டேன்."

"கயிறு வெள்ளையா இருக்கும்."

"கண்ணு சரியாத் தெரியல."

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவள் கண் நிறையத் தண்ணீர் இருந்தது.

கேட்டருகே வெர்லின் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். எஞ்சின் சத்தம் நின்றது. கதவு திறந்தது. இறங்கியவள் அவரிடம் போகவில்லை, எங்கள் பக்கமும் பார்க்கவில்லை. சக்கரத்தில் கால் வைத்துப் பலகைமேல் ஏறி, மெத்தையின்மேல் தட்டுத்தடுமாறி நடந்து, கேபினுக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள். கொக்கியைத் தொட்டாள்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். இரும்பு இன்னும் ஆறியிருக்கவில்லை.

விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடியும் தொட்டாள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை.

நானும் ஆர்டிஸும் குழாய்களின் கடகட சத்தத்துக்காகக் காது கொடுத்தபடி நின்றோம்.